அறிவிப்பு நேரத்துல சொல்ல முடியாத சேதிகள்

ஞாயித்துக்கெழமை பூசையில கடைசி ஆசீர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குங்க, அறிவிப்பு நேரம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் ரெண்டாம் ஓலை, மரியாயின் சேனை கூட்டம் பூசை முடிஞ்சதும், மாதா கெபிக்கு முன்னாடி பைக் நிறுத்தாதீங்க, போன வார காணிக்கை இவ்வளவு. அதைப் படிக்கறப்பவே பாதிப் பேரு செருப்பு எங்க கெடக்குதுன்னு பாக்க ஆரம்பிச்சிருப்பாங்க. இருபது வருஷத்துக்கு மேல சாமியாரா இருக்கறேன், அறிவிப்புல ஒரு முழு சேதிய சொல்லி முடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல.

போன வாரம் சார்ஜாவுல இருக்கற எங்க பங்குக்காரர் ஒருத்தர் போன் பண்ணி, ஏனுங் சாமி, ஊர்ல என்னங்க விசேஷம், வெயில் எப்படி, கோயில் கூரை என்னாச்சுன்னு கேட்டாரு. எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டேன். அப்பறம் யோசிச்சா எதுவும் சொல்லலைன்னு பட்டுச்சு. அதனால உக்காந்து எழுதறேன், நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

எங்க பங்கு ஊத்துக்குளிக்கும் பெருந்துறைக்கும் நடுவுல எங்கியோ இருக்குன்னு வெச்சுக்குங்க. இந்தப் பக்கம் பனியன் கம்பெனி, அந்தப் பக்கம் சிப்காட், நடுவுல தென்னந்தோப்பும் சோளக்காடும். ஓட்டுக்கூரை போட்ட பழைய கோயில். பக்கத்துல எங்க பங்களா, பேருதான் பங்களா, மேல ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு. ஏப்ரல்லயே அதுக்குள்ள மத்தியானம் படுத்தா ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் திரும்பிப் படுக்கற மாதிரி இருக்கும்.

அந்த வெயிலுக்கு மொத பலி பாஸ்கா திரி, ஈஸ்டர் ராத்திரி பத்த வெக்கற பெரிய மெழுகுத் திரி. புதுத் திரி வாங்கியாந்து சக்ரிஸ்துல, அதான் பூசை உடுப்பு வெக்கற ரூம்ல, பீரோ மேல படுக்க வெச்சிருந்தோம். ஈஸ்டருக்கு மொத நா சாயங்காலம் எடுத்துப் பாத்தா முருங்கைக்காயாட்ட வளைஞ்சு கெடக்குது. அதுலதான் சிலுவை கீறி, அகரமும் னகரமும் எழுதி, 2025ன்னு நாலு எண் போட்டு, ராத்திரி புதுத் தீயில பத்த வெச்சு தூக்கிட்டு போகோணும். கோயில் வேலையெல்லாம் பாக்கற எங்க உபதேசியார் கொஞ்சம் கூட பதறல. அண்டாவுல வெந்நி வெச்சு, திரிய ஒரு வேட்டியில சுத்தி, வேது புடிக்கற மாதிரி கொஞ்ச நேரம் காட்டி, அப்பறம் திண்ணையில போட்டு சப்பாத்தி கட்டையாட்ட உருட்டி நிமித்திட்டாரு. கிறிஸ்துவின் ஒளி இதோன்னு நான் பாடிட்டு போனப்ப அது லேசா இடது பக்கம் சாஞ்சுதான் இருந்துச்சு. இருட்டுல யாருக்கும் தெரியல, இப்ப எழுதிட்டேன், இனி தெரிஞ்சா என்ன.

ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கு ரெண்டு நா முன்னாடி நடந்தது. பெரிய வியாழன் பாதம் கழுவற சடங்குக்கு பன்னெண்டு பேரு வேணும். வழக்கமா பங்குப்பேரவை ஒரு லிஸ்ட் குடுக்கும், அந்த லிஸ்ட்ல யாரு இருக்காங்க யாரு இல்லைங்கறதுல ஊரு அரசியல் முச்சூடும் தெரிஞ்சுரும். 2016ல திருத்தந்தை பிரான்சிஸ் பொம்பளைங்களையும் சேத்துக்கலாம்னு மாத்தினதுக்கு அப்பறம் எங்க லிஸ்ட்ல நாலு பொம்பளைங்க வந்தாங்க, அதுவே அப்ப பெரிய கலவரம். இந்த வருஷம் நான் ரெண்டு பேரை நானா சேத்தினேன். ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன், ஜார்கண்ட் பையன் ஒருத்தன். ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமை சாயங்காலம் இந்தி பூசைக்கு வர்றவங்க.

ஜார்கண்ட் பையன் சாயப்பட்டறையில வேலை. நம்ம பக்கம் சாயப்பட்டறைன்னா பழைய கதையெல்லாம் ஞாபகம் வரும், நொய்யல்ல கலர் கலரா தண்ணி போனது, ஒரத்துப்பாளையம் டேம் பாழானது, 2011ல ஹைகோர்ட்டு எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்னது. இப்ப தண்ணிய சுத்தம் பண்ணி திருப்பி ஓட்டறாங்க. ஆனா வேலை செய்யறவன் கால் அப்படியேதான் இருக்குது. அவன் செருப்பைக் கழட்டிட்டு பெஞ்சில உக்காந்து கால நீட்டினான். பத்து விரல்லயும் நகம் நேவி புளூ. நகத்துக்கு அடியில, குதிகால் வெடிப்புல, கணுக்கால் எலும்புக்கு பின்னாடி இருக்கற குழியில எல்லாம் நீலம். நான் தண்ணி ஊத்தி தேய்ச்சேன், சாதாரணமா சடங்குக்கு மூணு சொட்டு ஊத்தித் தொடைக்கறதுதான், அன்னிக்கு என்னமோ கட்டை விரலால நல்லா அழுத்தித் தேய்ச்சேன். ஒண்ணும் போகல. கீழ பேசின்ல தண்ணி வெள்ளையாவே கெடந்துச்சு. அவன் குனிஞ்சு என் காதுகிட்ட, "நஹி ஜாயேகா, ஃபாதர்"னான். போகாதாம். எனக்கு சிரிப்பு வந்துருச்சு, பாட்டு ஓடிட்டு இருந்ததால தப்பிச்சேன். அன்னிலிருந்து எங்க சமையக்கார அம்மா அவனுக்கு வெச்ச பேரு நீலக்காலன்.

அதே நாள் ரோம்ல திருத்தந்தை ரெஜினா சேலிங்கற ஜெயிலுக்கு போயிருக்காரு, ஆஸ்பத்திரியில இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, குனிஞ்சு காலைக் கழுவ முடியல, கைதிங்களைப் பாத்துட்டு மட்டும் வந்தாராம். நாலு நாள்ல ஆள் இல்ல.

ஈஸ்டர் திங்கள் சாமியார்களுக்கு எப்படின்னா, சிவராத்திரிக்கு மறுநா பூசாரிக்கு இருக்கற மாதிரி. வியாழன்ல இருந்து தூக்கம் இல்ல. மத்தியானம் அரிசிம்பருப்பு சோறு தின்னுபோட்டு செத்த பொணமாட்ட படுத்திருந்தேன். உபதேசியார் கதவைத் தட்டறாரு. "சாமி, பாப்பரசர் எறந்துட்டாருன்னு டிவில போடறாங்க, மணி அடிக்கட்டுங்களா?" முந்தின நாள்தான் பால்கனியில சக்கர நாற்காலியில உக்காந்து ஆசீர் குடுத்ததை எல்லாரும் பாத்திருந்தோம். நான் அரைத்தூக்கத்துல வாட்சப் வதந்தின்னு சொல்லிட்டேன். அவரு சிரிக்காம நின்னாரு. நம்ம டயத்துக்கு காலைல பதினொன்னு அஞ்சுக்கே உசுரு போயிருக்குது, நான் அந்நேரம் காணிக்கை எண்ணிட்டு இருந்தேன்.

துக்க மணி அடிச்சா ஊருக்குள்ள கேக்கும். ஒரு மணி நேரத்துல பக்கத்துத் தோட்டத்து பெரியவர் ஒருத்தர் வந்தாரு, நம்ம கோயிலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல, அவருக்கு அங்காளம்மன். தோள்ல இருந்த துண்டை எடுத்து கக்கத்துல வெச்சுட்டு திண்ணைக்கு கீழயே நின்னு, "உங்க பெரிய சாமி தவறிட்டாருங்களாமா, எத்தனை வயசுங்?"னாரு. எம்பத்தெட்டுன்னேன். "நோவு கீவு?" நெஞ்சு சளிங்கன்னேன். "எடுப்பு எப்பங்க?" இன்னும் தேதி சொல்லலீங்க, நாலஞ்சு நா ஆகும்னேன். அவ்வளவு நாளான்னு ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் அவரு காபி கூட குடிக்காம, சொல்லிக்காம போயிட்டாரு, நம்ம ஊருல எழவு ஊட்டுல சொல்லிட்டுப் போகமாட்டாங்களே, அந்த மாதிரி. எத்தனையோ இரங்கல் செய்தி அந்த வாரம் படிச்சேன், இது மாதிரி ஒண்ணும் என்னைத் தொடல.

மொதல்ல இந்தி பூசைன்னு சொன்னேனல்ல, அதைப் பத்தி சொல்றேன். எனக்கு இந்தி தெரியாது. மாசத்துல ஒரு ஞாயிறு வடக்கிருந்து வந்து இங்க வேலை பாக்கற ஒரு சாமியார் வருவாரு, மீதி ஞாயிறெல்லாம் நான்தான். பூசைப் புஸ்தகத்தை தமிழ் எழுத்துல எழுதி வெச்சுட்டு படிப்பேன். மொத மாசம் ஒரு கூத்து. இந்தியில பாவத்துக்கு ‘பாப்’, அப்பனுக்கும் ‘பாப்’, ஒண்ணுல ‘ப’ மெல்லிசு இன்னொண்ணுல கனம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதானுங்களே. நான் உருக்கமா, ஆண்டவரே எங்க அப்பன்களை மன்னியும்னு வேண்டிட்டு இருந்திருக்கேன். பசங்க தலையக் குனிஞ்சு தோளு குலுங்க நின்னாங்க, அழறாங்கன்னு நெனச்சேன்.

அந்த நீலக்காலன்தான் பூசை முடிஞ்சு வந்து சொன்னான். அவனுக்கும் இந்தி தாய்மொழி இல்லயாம். அவன் உராவோன், கும்லா ஜில்லா, ஊட்டுல பேசறது குடுக்குன்னு ஒரு பாஷை. நான் செமினரியில எப்பவோ படிச்சது ஞாபகம் வந்துச்சு, குடுக்கு திராவிட மொழின்னு. சரி பாப்பம்னு திண்ணையில உக்கார வெச்சு என் பல்லைக் காட்டி இதுக்கு என்னன்னேன். "பல்"னான். சமையக்கார அம்மா உள்ள இருந்து கரண்டியோட வெளிய வந்துட்டாங்க. கண்ணைக் காட்டினேன், தொண்டையில உரசிட்டு "ஃகன்"னான். வாய் "பை". நீங்கறதுக்கு "நீன்". நான்ங்கறதுக்கு "ஏன்". அந்தம்மா அவன் மூஞ்சியவே பாத்துட்டு, "ஏஞ்சாமி, இவுங்க நம்ம ஒறம்பரைங்களா?"ன்னாங்க. ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு அக்கட்டால இருந்து ரெண்டு ராத்திரி ரயில்ல வந்தவனுக்கும் நமக்கும் பல்லு ஒண்ணு. அவனுக்கு இதுல ஒண்ணும் ஆச்சரியம் இல்ல, தமிழ் கத்துக்கறப்ப அவனுக்கு அது மொதல்லயே தெரிஞ்சிருக்குது, நாமதான் கேக்கல.

இவங்க ஊர்ல கிறிஸ்தவம் வந்ததே ஒரு நெலத் தகராறுக் கதை. 1885 வாக்குல லீவன்ஸ்னு ஒரு பெல்ஜியம் சேசு சபை சாமியார் அங்க போயி, ஜமீன்தாருங்க கிட்ட காட்டை இழந்த சனங்களுக்காக கோர்ட்டு கோர்ட்டா அலைஞ்சிருக்காரு, ஏழெட்டு வருஷத்துல காசநோய் வந்து போயும் சேந்துட்டாரு. அவங்க ஊட்டுச் சுவத்துல மாதா படத்துக்கு பக்கத்துல அவரு படம் இருக்கும்னான்.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் பசங்க ஒட்டுக்கா கெளம்பிட்டாங்க. தவக்காலத்துல கல்யாணம் வெக்கமாட்டாங்க, அதனால ஊர்ல எல்லாக் கல்யாணமும் அதுக்கப்பறம்தான். இவனுக்கும் அக்கா கல்யாணம். மத்தியானம் தன்பாத் எக்ஸ்பிரஸ், அன்ரிசர்வ்டு. திருப்பூர் ஸ்டேசன்ல அந்தப் பொட்டியில ஏர்றதைப் பாத்தவங்களுக்கு தெரியும், ஜன்னல் வழியா பை போகும், பை பின்னாடி ஆளு போவான். திரும்பி வருவியான்னு கேட்டேன். தலைய ஆட்டினான், ஆமாங்கற ஆட்டா இல்லைங்கற ஆட்டான்னு தெரியல. போனவங்கள்ல பாதிப் பேரு வர்றதில்ல, பெங்களூர் கேரளான்னு வேற எடம் போயிருவாங்க. அதுக்கப்பறம் மே மாசம் பூரா சாயங்காலப் பூசைக்கு பதினோரு பேரு, பதிமூணு பேரு. காலைப் பூசைக்கும் பாதி பெஞ்சுதான், நம்ம சனமெல்லாம் ஊட்டி, வேளாங்கண்ணி, மாமியா ஊடுன்னு போயிட்டாங்க. வெறும் பெஞ்சைப் பாத்து பிரசங்கம் வெச்சா நம்ம கொரலே நமக்கு எதிரொலிக்கும், அப்பத்தான் நாம எவ்வளவு வளவளன்னு பேசறோம்னு தெரியும்.

மே மாசம் மாதா வணக்க மாசம், தெனம் பொழுதோட ஒரு அன்பியத்துல, அதான் பக்கத்து பக்கத்து குடும்பங்க சேந்த குழுவுல, ஜெபமாலை. சுண்டல் இருக்கற ஊட்டுல கூட்டம் எச்சு, இல்லாத ஊட்டுல கம்மி, இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது.

பசங்களுக்கு பத்து நாள் விடுமுறை விவிலியப் பள்ளி. சிஸ்டருங்க ரெண்டு பேரும்தான் நடத்தினாங்க, நான் மைக் டெஸ்ட் பண்ற வேலை. கடைசி நாள் எல்லாத்தையும் வேன்ல போட்டு கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்கு கூட்டிட்டு போனோம். அங்க உக்கார வெச்சு பிரெசில்லாக் ஆண்டகை கதைய சொன்னேன். பிரான்ஸ்ல இருந்து வந்தவரு, 1846 அக்டோபர் 4ஆம் தேதி இதே கருமத்தம்பட்டியிலதான் அவரை ஆயரா அபிஷேகம் பண்ணாங்க, கோயமுத்தூர் மிஷனுக்கு மொத ஆயர் அவருதான். இந்த ஊரு சாதி வழக்கங்களை திருச்சபை எவ்வளவு தூரம் ஏத்துக்கலாம்ங்கறதுல மனசு ஒப்பாம பதவிய விட்டுட்டு போயிட்டாரு. போனவரு சும்மா இருக்கல, ஆப்பிரிக்காவுக்கு ஒரு துறவற சபைய ஆரம்பிச்சு, 1859ல ப்ரீடவுன்ல கால் வெச்ச ஆறாவது வாரமே மஞ்சள் காய்ச்சல்ல செத்துட்டாரு. நாலாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு கை தூக்கிச்சு. "சாமி, அவரு கோயமுத்தூர்லயே கம்முனு இருந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?" இருந்திருப்பாரு கண்ணுன்னேன். அது கொஞ்சம் யோசிச்சுட்டு, பொறவு ஏம் போனாருன்னு கேட்டுச்சு. வேன்காரன் ஹாரன் அடிச்சுட்டான்.

சாதின்னதும் ஒண்ணு சொல்லிக்கறேன். நம்ம கொங்கு நாட்டுல புதுசா ஒருத்தரைப் பாத்தா எந்த ஊருங்க, யாரு ஊட்டுப் பையன்னு கேப்போம். அது ஊரைத் தெரிஞ்சுக்கறதுக்கு மட்டும் கேக்கறது இல்லைன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வடக்கத்திப் பசங்க கிட்ட அந்தக் கேள்வி வேலை செய்யாது, கும்லான்னா நமக்கு என்ன வெளங்கும். அதனாலயே அவங்களை எங்க உக்கார வெக்கறதுன்னு நம்ம ஆளுங்களுக்கு தெரியலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மே 8ஆம் தேதிய மறக்க முடியாது. காலைல ப்ளஸ் டூ ரிசல்ட்டு. எங்க பங்குல ஒரு புள்ள, அம்மா பனியன் கம்பெனியில செக்கிங், 600க்கு 561. அந்தம்மா கம்பெனியில இருந்து அப்படியே நூல் பிசிறு ஒட்டின துணியோட ஓடியாந்து கெபிக்கு முன்னாடி நின்னுச்சு. சாயங்காலம் ஜெபமாலை முடிஞ்சு பசங்களெல்லாம் பங்களாவுல என் லேப்டாப் முன்னாடி. ரோம்ல புதுத் திருத்தந்தைய தேர்ந்தெடுக்கறாங்க, சிஸ்டைன் சிற்றாலய புகைபோக்கிய காட்டறான், காட்டறான், ஒண்ணும் வரல. 133 கர்தினால்மாரு உள்ள, அதுல நம்ம இந்தியாக்காரங்க நாலு பேரு. பசங்களுக்கு புகையில இன்ட்ரஸ்ட் இல்ல, பக்கத்துல குஞ்சோட உக்காந்திருந்த கடல்புறா மேலதான் கண்ணு. ஒம்போதரை தாண்டி வெள்ளைப் புகை வந்துச்சு, நான் மணி அடிக்க ஓடினேன். உபதேசியாருக்கு முந்தி நான் ஓடினது அந்த ஒரு நாள்தான்.

புதுத் திருத்தந்தை பேரு லியோன்னதும் பசங்களுக்கு எது ஞாபகம் வந்து விசில் அடிச்சாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. கோயிலுக்கு பின்னாடி ஊட்டு ஆத்தா, எருமைப் பால் குடுக்கறவங்க, எம்பது வயசு இருக்கும், பல்செட்டைக் கழட்டிட்டு உக்காந்திருந்தாங்க. "அப்ப சிங்கராயருன்னு சொல்லுங்க"ன்னாங்க. ஆமா, நம்ம பழைய ஆளுங்க லியோவை சிங்கராயர்னுதானே வெச்சாங்க, எத்தனை சிங்கராயர் நம்ம கல்லறையில படுத்திருக்காங்க. 13ஆம் லியோ பேருல இருந்து இந்தப் பேரை எடுத்தேன்னு புதுத் திருத்தந்தையே ரெண்டு நாள் கழிச்சு சொன்னாரு. தொழிலாளிங்க கூலி, வேலை நேரம், சங்கம் வெக்கற உரிமை பத்தியெல்லாம் 1891லயே சுற்றுமடல் எழுதினவரு அவரு. நம்ம கோயமுத்தூரை மறைமாவட்டமா ஒசத்தினதும் அந்த லியோதான், 1886ல. பீஸ் ரேட்டுக்கு பன்னெண்டு மணி நேரம் தைக்கற ஊருல இருந்துட்டு அந்தப் பேரைக் கேட்டா ஒரு மாதிரி இருந்துச்சு.

இனி மழை. மே 24ஆம் தேதி கேரளாவுல பருவமழை ஆரம்பிச்சுருச்சு, வழக்கத்துக்கு ஒரு வாரம் முன்னாடி, 2009க்கு அப்பறம் இவ்வளவு சீக்கிரம் இப்பத்தான். நீலகிரி, வால்பாறையெல்லாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. எங்களுக்கு மேக்க மழைன்னா காத்துதான், பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து தென்னை மட்டைய எல்லாம் பிச்சு எறியும், தண்ணி நாலு தூத்தல் போட்டுட்டு போயிரும். அந்த நாலு தூத்தல் சரியா சக்ரிஸ்து மேல ஓடு நவுந்த எடத்துல விழுந்து, சரியா ரெஜிஸ்டர் வெச்ச பீரோவுக்குள்ள எறங்கிருச்சு. இந்த ஓட்டை மாத்தோணும்னு ரெண்டு வருஷமா சொல்றேன். மேல ஏறி ஓடு மாத்தத் தெரிஞ்ச பசங்க ரயில் ஏறிப் போயிட்டாங்க.

ரெண்டு நாள் நானும் உபதேசியாரும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை பெஞ்சு மேல விரிச்சு வெச்சு, பேன் போட்டு, ஒவ்வொரு தாளா ஒட்டாம பிரிச்சோம். அந்தக் காலத்து பிரெஞ்சு சாமியாருங்க லத்தீன்ல எழுதினது, மை பழுப்பேறி, பூச்சி அரிச்சு. 1877ஆம் வருஷத் தாள் மட்டும் கனமா இருந்துச்சு. தாது வருஷப் பஞ்சம். மத்த வருஷம் மாசத்துக்கு நாலு ஞானஸ்நானம்னா அந்த வருஷம் ஒரு நாளைக்கே அத்தனை. பேருக்கு நேரா அப்பா பேரு இல்ல, ஊரு இல்ல. பெத்தவங்க தெரியாதுன்னு லத்தீன்ல ரெண்டே வார்த்தை, வரிக்கு வரி. கையெழுத்து போகப் போக மோசமாயிட்டே போகுது, அந்தச் சாமியாருக்கு கை வலிச்சிருக்கோணும், இல்ல சாப்பாடு இருந்திருக்காது.

அந்த வாரம்தான் பேரவைக் கூட்டம். ஒடிசா ஜோடி ஒண்ணு, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் பக்கத்து ஸ்பின்னிங் மில்லுல வேலை, கொழந்தைக்கு ஞானஸ்நானம், அறுபது பேருக்கு சமையல் பண்ணி சாப்பிட நம்ம ஹால் வேணும்னு கேட்டிருந்தாங்க. ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. ஹால் பேரவை கையில. பங்குக் குடும்ப அட்டை இருந்தா 3,000, இல்லைன்னா 6,000. இவங்களுக்கு அட்டை இல்ல. அட்டை குடுக்கலாம்னா, மில் ஹாஸ்டல் அட்ரஸுக்கு எப்படி குடுக்கறது, நாளைக்கு சந்தா யாரு கட்டுவாங்க, கல்லறைக்கு எடம் கேப்பாங்கன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. அவரு கெட்டவரு இல்ல, கோயிலுக்காக ராத்திரி பகல் நிக்கற ஆளு, அதான் சங்கடமே. நான் எழுந்து போயி ஈரம் காயாத அந்த 1877 புஸ்தகத்தைத் தூக்கிட்டு வந்து டேபிள்ல விரிச்சேன். இதுல எத்தனை பேருக்கு அட்ரஸ் இருக்குது பாருங்கன்னேன். கொஞ்சம் நாடகத்தனமாத்தான் பண்ணேன், ஒத்துக்கறேன்.

எல்லாரும் எட்டிப் பாத்தாங்க. அவரும் கண்ணாடி போட்டு பொறுமையா பாத்தாரு. அப்பறம், "அதெல்லாஞ் செரிங் சாமி, அப்ப ஹால் இல்லீங்களே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நானும் சிரிச்சுட்டேன், என் நாடகம் அதோட குளோஸ்.

முடிவு எப்படி வந்துச்சுன்னா, மறுநா காலைல பால் ஊத்த வந்தப்ப ஆத்தாவுக்கு சேதி எப்படியோ போயிருந்துச்சு. "அந்தப் புள்ளைக்கு ஞானத்தாய் யாருங்க?"ன்னாங்க. இன்னும் பாக்கலீங்கன்னேன். "நான் நிக்கறன். எனக்கு அட்டை இருக்குதல்ல. என்ற பேரன் ஞானஸ்நானத்துக்கு என்ன வாடகையோ அதைப் போடச் சொல்லுங்க." அவ்வளவுதான். பேரவைத் தலைவருக்கு இந்த ஆத்தா பெரியம்மா மொறை, எதுத்துப் பேச முடியுமா. ஜூன் 8ஆம் தேதி, தூய ஆவி ஞாயிறு, ஆத்தா பட்டுச்சீலை கட்டிட்டு அந்தக் கொழந்தைய ஏந்திட்டு நின்னாங்க. சாத்தானை விட்டுவிடறீங்களான்னு கேட்ட கேள்விக்கெல்லாம் தாய் தகப்பன் ஒடியாவுல பதில் சொல்ல, ஆத்தா தமிழ்ல ‘விட்டுவிடுகிறேன்’னு சத்தமா சொன்னாங்க. பச்சப் புள்ளைக்கு வெள்ளி அரைஞாண்கொடி. அந்தப் பொண்ணுக்கும் ஆத்தாவுக்கும் பொதுவா ஒரு வார்த்தை கெடையாது, ஆனா சமையலறையில ரெண்டு பேரும் வெங்காயம் உரிச்சுட்டே ஒரு மணி நேரம் பழமை பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு யாருக்கும் தெரியாது.

மாற்றல் லிஸ்ட்ல என் பேரு வரலைங்க. எல்லாரும் போன் பண்ணி கேட்டுட்டே இருந்தீங்களே, அதுக்கு இதான் பதில். இன்னும் ஒரு வருஷம் இங்கதான். ஓட்டுக்கு எஸ்டிமேட் வாங்கியிருக்கேன், தொகைய இங்க எழுதினா சார்ஜாக்காரர் போனை எடுக்கமாட்டாரு, நேர்லயே சொல்லிக்கறேன்.

கடைசியா, முந்தாநாள் பொழுதோட. நான் திண்ணையில பிரசங்கக் குறிப்பு எழுதிட்டு இருந்தேன். கேட்டு தொறக்கற சத்தம். நீலக்காலன். ரெண்டு மாசத்துல ஆளு கருத்து, முடி வெட்டி, கால்ல புதுச் செருப்பு. குனிஞ்சு பாத்தேன், நகம் அடியில கொஞ்சம் வெள்ளையா வளந்திருந்துச்சு, மீதியெல்லாம் இன்னும் நீலம். பின்னாடி இன்னொரு சின்னப் பையன், தம்பியாம், பையை நெஞ்சோட கட்டிப் புடிச்சுட்டு நிக்கறான், வெளியவே ஷூவைக் கழட்டலாமா வேண்டாமான்னு ஒரு காலைத் தூக்கிட்டு.

நீலக்காலன் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து குடுத்தான். "அம்மா குடுத்தாங்க, ஃபாதர். மஹுவா." பிரிச்சுப் பாத்தா காஞ்ச திராட்சையாட்ட ஏதோ, பழுப்பா, கனமா ஒரு இனிப்பு வாசம். எனக்கு என்னன்னு புரியல. சமையக்கார அம்மா வந்து ரெண்டு விரல்ல ஒண்ணை எடுத்து மோந்து பாத்தாங்க. வாயில போட்டாங்க.

"ஐயோ சாமி, இது இலுப்பப்பூவுங்க! எங்க அப்பாரு தோட்டத்துல ரெண்டு மரம் நின்னுதுங்க, சின்னதுல விடியக்காலம் எந்திரிச்சு பொறுக்குவோம். நான் பாத்து நாப்பது வருஷம் இருக்கும்." இன்னொண்ணை எடுத்து வாயில போட்டுட்டு, அவனைப் பாத்து தமிழ்லயே, "எப்ப பொறுக்குனீங்க, விடியறதுக்கு முன்னாடியா?"ன்னு கேட்டாங்க. அவன், "ஆமா, ராத்திரியே. அம்மா, நான், அக்கா"ன்னான் தமிழ்லயே.

தம்பிக்காரன் ஒரு ஷூவை மட்டும் கழட்டியிருந்தான். அந்தம்மா முடிச்சை மடியில வெச்சுட்டு, ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, என்கிட்ட திரும்பி, "அரிசி ரெண்டு டம்ளர் சேத்திப் போட்டர்றனுங் சாமி"ன்னுட்டு உள்ள போனாங்க.